பிரவுசர் எங்கிருந்து வருகிறது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாமல் நம்மில் சிலர் லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று மாறியிருக்கிறோம். மாறியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், இதில் குரோம் எப்படிப் போடுவது?" என்பதுதான்.

சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் பென்ஷன் கணக்கு, கரண்ட் பில், வீட்டு வரி எல்லாம் நாம் பிரவுசர் வழியாகத்தானே பார்க்கிறோம்? அது போலியாக இருந்தால் நாம் அடிக்கும் பாஸ்வேர்டு ஒவ்வொன்றும் இன்னொருவன் கைக்குப் போகும்.

"லினக்ஸில் வைரஸ் வராதே" என்பீர்கள். 2025 ஜூலை 16-ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள். ஆர்ச் என்ற லினக்ஸ் வகைக்கு, பயனர்கள் யார் வேண்டுமானாலும் மென்பொருள் தொகுப்பு ஏற்றக்கூடிய ஒரு பொதுக் களஞ்சியம் உண்டு. அதில் ஃபயர்பாக்ஸ், லிப்ரவுல்ஃப், ஜென் ஆகிய பிரவுசர்களின் பெயரோடு 'பேட்ச்', 'ஃபிக்ஸ்' என்று ஒட்டி மூன்று தொகுப்புகளை ஒருவர் ஏற்றினார். மூன்றுக்குள்ளும், தூரத்தில் இருந்தபடியே நம் கம்ப்யூட்டரைக் கைப்பற்றும் நிரல் ஒளிந்திருந்தது. 18-ஆம் தேதி கண்டுபிடித்து நீக்கினார்கள். அந்த இரண்டு நாளில் போட்டுக்கொண்டவர்கள் பாடு திண்டாட்டம்.

நானும் ஏமாறப் பார்த்தேன். ஒரு நாள் ஏதோ ஒரு பக்கத்தைப் படிக்கும்போது, "உங்கள் பிரவுசர் பழையது, இந்த வரியை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுங்கள்" என்று வந்தது. ஒட்டியும்விட்டேன். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்டது. அங்கேதான் கை நின்றது. லினக்ஸில் அந்த பாஸ்வேர்டு ஸ்ட்ராங் ரூம் சாவி மாதிரி. யாரோ எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை நம்பி அதை நீட்டலாமா? ஜன்னலை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

பேங்க் கவுண்டரில் செக் வந்தால் என்ன செய்வோம்? ஆள் சட்டையைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்போம். உபுண்டு, மின்ட் களஞ்சியங்களிலும் இதே ஏற்பாடுதான். வெளியிடுபவர்கள் டிஜிட்டல் கையெழுத்து போட்டு வைக்கிறார்கள். உங்கள் கம்ப்யூட்டர் தன்னிடம் உள்ள சாவியை வைத்து அதைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடுகிறது. எங்கோ ஒரு தளத்தில் இறக்கிய கோப்புக்கு இந்தச் சரிபார்ப்பு இல்லை. அதைவிட முக்கியம், அதற்கு அடுத்த அப்டேட் வருமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இன்று நல்லதாக இருக்கும் பிரவுசரும் ஆறு மாதம் அப்டேட் இல்லாமல் கிடந்தால் பூட்டாத வீடுதான்.

ஆகவே, இந்த வரிசையில் போங்கள்.

முதலாவது, ஃபயர்பாக்ஸ் போதுமென்றால் எதையும் தேடவே வேண்டாம். உபுண்டு, மின்ட் இரண்டிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. மின்ட்டில் அப்டேட் மேனேஜரை வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள். உபுண்டுவில் 22.04 முதல் அது ஸ்னாப் வடிவில் வருகிறது, தானே புதுப்பித்துக்கொள்ளும். ஃபயர்பாக்ஸை நாள் கணக்கில் திறந்தே வைக்காமல் அவ்வப்போது மூடித் திறந்தால் போதும்.

இரண்டாவது, வேறு பிரவுசர் வேண்டுமென்றால் மின்ட்டின் சாப்ட்வேர் மேனேஜரிலோ உபுண்டுவின் ஆப் சென்டரிலோ தேடுங்கள். பெயரை மட்டும் பார்க்காமல் வெளியிட்டவர் யார், சரிபார்க்கப்பட்டவர் என்ற குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, குரோம்தான் வேண்டுமென்றால் கூகுளின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். டெப் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அதை நிறுவும்போதே கூகுளின் களஞ்சியமும் சேர்ந்துவிடும். பிறகு மற்ற அப்டேட்டுகளோடு குரோமுக்கும் வரும்.

இந்த மூன்றிலும் அடங்காத வழியை யார் சொன்னாலும், சொன்னவர் சொந்தப் பிள்ளையே ஆனாலும், ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு பழைய சரக்கும் இருக்கிறது. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. பிள்ளைகள் வேலைக்குப் போன பின் அதைத் தூசு தட்டி எடுத்தவர்கள் உண்டு. பத்து வருடப் பழைய பதிப்பில் புது பிரவுசரைப் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் புதிய லினக்ஸ் பதிப்பைப் போட்டுவிட்டுப் பிறகு பிரவுசருக்கு வாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து சரியாக இருந்த செக்கும் பணமில்லாமல் திரும்பியதுண்டு. அதுபோல டிஜிட்டல் கையெழுத்து, மென்பொருள் யாரிடமிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லும். அதில் குறையே இல்லை என்று சொல்லாது. அதனால்தான் அப்டேட்டை விடாதீர்கள் என்கிறேன்.

தவறாக ஏதாவது போட்டுவிட்டீர்களா? வெட்கப்பட வேண்டாம். உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பேங்குக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை மடிக்கணினியோடு சங்க அறைக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். உங்கள் பாஸ்வேர்டை மட்டும் என்னிடமும் சொல்லாதீர்கள்.