நம் நிறமே நமக்கு அழகு



சென்ற தீபாவளிக்கு எடுத்த எங்கள் குடும்பப் படத்தைச் சமூக ஊடகத்தில் இடுமுன், என் மகள் கைப்பேசிச் செயலியால் தன் முகத்தை மட்டும் வெளுப்பாக்கியிருந்தாள். "ஏனம்மா?" என்றேன். "கறுப்பாக இருந்தால் தோழிகள் கேலி செய்வார்கள், அப்பா" என்றாள். நான் தலைகுனிந்தேன். அவள் பிறந்த அன்று, "குழந்தை சற்று நிறம் குறைவு" என்று உறவினரிடம் முதலில் கூறியவன் நானே.

இந்த ஆசை படத்தோடு நிற்பதில்லை. இணையத்தில் விற்கப்படும் வெளுப்புக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை அறிவித்துள்ளது. பாதரசம், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். உடலுள் ஊறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இத்தகைய பூச்சுப் பொருள்களை 2025க்குள் ஒழிக்க வேண்டுமென மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவு செய்தன. வெயிலிலிருந்து நம்மைக் காக்கும் கவசமே அந்தக் கருமை; அதை நாமே கெடுத்துக்கொள்ளலாமா?

கருங்கல் திருமேனியில் எழுந்தருளியுள்ள அன்னையை அழகென்று தொழுகிறோம். அந்நிறத்தையே மகளிடம் கண்டால் குறையென்கிறோம். இம்முரண்பாடு நீங்க வேண்டும். பெற்றோரே, பிள்ளையின் நிறத்தைப் பற்றிய பேச்சை இன்றோடு நிறுத்துவோம். இளையோரே, பிறர் இடும் விருப்பக்குறிக்காக உங்கள் முகத்தை மாற்றாதீர்கள். அன்னையின் அருள் அனைவருக்கும் கிட்டுவதாக.