வாசிச்சுக் கேட்ட பிறகுதான் கையெழுத்து

(கூட்டமைப்புப் பொதுக்குழுவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில்தான் அரசின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு, குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டு வந்தது. அடகு வைக்க நகை நட்டு, நிலம் இல்லாத பெண்களுக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுத்தது? நம்ம சேமிப்பையும், நம்ம நோட்டையும் நம்பித்தான். பஞ்ச சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமல் கட்டுவது, ஐந்தாவது கணக்குப் பதிவேடு.

ஆனால் நோட்டு இருந்தால் மட்டும் குழு ஒழுங்கா நடந்துடாது. அரைகுறையா எழுதின நோட்டே சண்டையை மூட்டிவிடும். எப்படின்னு ஒரு கணக்கைப் பார்ப்போம்.

ஒரு அக்காவுக்குக் கறவை மாடு வாங்க 15,000 ரூபாய் கடன். தீர்மானப் புத்தகத்தில், "10 தவணை, 100-க்கு மாதம் 1 ரூபாய் வட்டி" என்று எழுதியாச்சு. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்று அக்கா நினைக்கிறார். முதல் மாதம் 150, அடுத்த மாதம் 135, கடைசி மாதம் 15. மொத்தம் 825 ரூபாய். எழுதின ஊக்குநரோ மாதாமாதம் 150 என்று நினைக்கிறார். மொத்தம் 1,500 ரூபாய். வித்தியாசம் 675 ரூபாய்!

இதில் யாரும் திருடவில்லை, பொய்யும் சொல்லவில்லை. "நிலுவை அசலுக்கு" என்ற இரண்டு வார்த்தை நோட்டில் இல்லை, அவ்வளவுதான். ஆனா ஊருக்குள்ள பேச்சு எப்படிப் போகும்? "ஊக்குநர் பணத்தை எடுத்துட்டா"ன்னு ஒரு பக்கம், "கடனைக் கட்ட அவளுக்கு மனசில்லை"ன்னு இன்னொரு பக்கம். அடுத்த கூட்டத்துக்கு நாலு பேர் வரமாட்டாங்க. பல வருஷம் சேர்த்த குழு இப்படித்தான் உடையுது.

அதனால் கடன் தீர்மானத்தில் இவ்வளவும் இருக்கணும்: யாருக்கு, எதுக்கு, எவ்வளவு, எத்தனை தவணை, வட்டி எவ்வளவு, அது மொத்த அசலுக்கா நிலுவை அசலுக்கா, முதல் தவணை எந்தத் தேதி. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்க. தப்பா எழுதிட்டா வெள்ளை மை பூச வேண்டாம். ஒரே கோடு போட்டு அடிச்சு, பக்கத்திலேயே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பழசும் தெரியணும், அப்பத்தான் சந்தேகம் வராது.

இதைவிட முக்கியமான ஒண்ணு இருக்கு. எழுதினதைச் சத்தமா வாசிக்கணும். நம்மில் படிக்கத் தெரியாத சகோதரிகள் உண்டு. வாசிக்காமல் அவர்களிடம் கைநாட்டு வாங்கினால் அந்த நோட்டு எழுதினவருக்கு மட்டும்தான் சொந்தம். வாசிச்சுக் காட்டினால் குழுவுக்கே சொந்தம். "எனக்குப் புரியலை, இன்னொரு தடவை வாசிங்க"ன்னு கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அது உறுப்பினரின் உரிமை.

இன்னும் ரெண்டு எச்சரிக்கை. வெற்றுத்தாளிலோ, தொகை எழுதாத காசோலையிலோ யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். "அவசரம், பிறகு எழுதிக்கலாம்"னு சொன்னாலும் வேண்டாம். அடுத்தது, இப்ப எல்லாக் குழுவிலும் வாட்ஸ்அப் இருக்கு. கூட்டம் எப்போன்னு சொல்ல அது நல்லது. கடன் பாக்கி யாருக்குன்னு அதில் பேர் போடாதீங்க. கூட்டத்தில் உட்கார்ந்து பேசினால் தீருகிற விஷயம், செல்போனில் போட்டால் மானப் பிரச்சினை ஆயிடும். பாதிப் பேரிடம் அந்த போனும் இருக்காது. அதில் சொன்னது எதுவும் தீர்மானம் ஆகாது.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் முதல் வேலையா போன கூட்டத்தின் தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்க. "நாம பேசினது இதுதானா?"ன்னு எல்லோரையும் கேளுங்க. ஆமாம்னு எல்லோரும் சொன்ன பிறகு அடுத்த பேச்சுக்குப் போங்க. பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம்தான் நம்ம பணத்துக்கும் நம்ம ஒற்றுமைக்கும் காவல்.