கேணியை வெட்டியவர் யார்?
நெய்வேலியின் இருப்புப்பாதை, வாய்க்கால், பழைய கட்டடங்கள் – நினைவுச் சொற்பொழிவு



நாம் இன்று நினைவுகூரும் தோழர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். ஷிப்ட் முடிந்து நேராக நம் கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். யார் நெய்வேலியின் வரலாறு பேசினாலும் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்: "அந்தக் கேணிய வெட்டுனது யாருங்க?" பேச வந்தவர்கள் சிரித்து மழுப்புவார்கள். நானும் ஒருமுறை மழுப்பியிருக்கிறேன். அந்தக் கடனுக்காகத்தான் இன்றைய உரை.

நெய்வேலியின் வரலாறு நம் எல்லோருக்கும் மனப்பாடம். 1930களில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் மேலே வந்தது. அவர் அதை அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1956 நவம்பரில் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வெட்டைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது.

இதில் எதுவும் பொய்யில்லை. ஜம்புலிங்க முதலியாருக்கு உரிய பெருமையை நாம் மறுக்கவும் இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவர் தம் கையால் மண் தோண்டியிருக்க மாட்டார். குழிக்குள் நின்றவர், கறுத்த மண்ணை முதலில் கையில் அள்ளியவர் ஒரு கூலியாள். அவருக்கு வரலாற்றில் பெயர் இல்லை. பெயர் ஏன் இல்லை என்பதை ஊரில் இன்னும் நிற்கிற மூன்று சாட்சிகளிடம் கேட்போம்.

முதல் சாட்சி இருப்புப்பாதை. விருத்தாசலம்–கடலூர் பாதை நிறுவனம் வருவதற்கு முன்பே இருந்தது. அன்று மீட்டர் கேஜ், இன்று அகலப்பாதை. அதன் ஓரமாக நடந்து பாருங்கள். ஓடையைத் தாண்டும் ஒவ்வொரு சிறு பாலத்துக்கும் ஓர் எண் எழுதியிருக்கும். ஒரு பாலத்தை இடித்துக் கட்டினால் அதற்கும் கோப்பு உண்டு. ஒரு மதகுக்குக் கிடைத்த அந்த எண், சுரங்கத்துக்காக ஊரைவிட்டுப் போன படியாளுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது சாட்சி வாய்க்கால். நெய்வேலியில் கரிப்படுகைக்குக் கீழே, அழுத்தத்தோடு நிற்கிற நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இடைவிடாமல் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டு வெள்ளம் வரும். ஆகவே இரவும் பகலும் பம்பு ஓடுகிறது. இறைத்த நீர் வாய்க்கால் வழியாக வாலாஜா ஏரிப் பக்கம் போய் வயல்களுக்குப் பாய்கிறது. அங்கே நிலம் உள்ளவருக்கு அது நன்மைதான். சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலோ கேணியும் கைப்பம்பும் வற்றிப்போயின என்பது மக்களின் நெடுநாள் புகார். ஆழ்துளைக் கிணறு போட வசதியுள்ளவர் போட்டுக்கொண்டார். இல்லாதவர் குடத்தோடு நின்றார். குடத்தோடு நின்றவர்களில் காலனிப் பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

பரவனாற்றின் கதையும் இதுதான். சுரங்கம் நகர நகர ஆறும் நகர வேண்டியிருக்கிறது. நிரந்தர மாற்றுப் பாதை சுமார் 12 கிலோமீட்டர். அதில் மிச்சமிருந்த பகுதியை வெட்டுவதற்காக 2023 ஜூலை கடைசியில் வளையமாதேவியில் கதிர் வரும் பருவத்து நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. பயிர் மண்ணோடு புரட்டப்பட்ட காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. உழவர் கண்ணீர் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதுதான். அந்த நாற்றைப் பிடுங்கி, நட்டு, களையெடுத்த பெண்களின் அறுவடைக் கூலியும் அதே மண்ணில்தான் புதைந்தது. அது எந்தத் தலைப்புச் செய்தியிலும் வரவில்லை.

மூன்றாவது சாட்சி கட்டடங்கள். முதல் அனல்மின் நிலையம் 1962இல் தொடங்கி 2020இல் மூடப்பட்டது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள். தென்னகத்து வீடுகளில் விளக்கெரிந்ததில் அதற்கும் பங்குண்டு. நகரியத்தின் வட்டங்களில் பதவிப் படிக்கேற்ப வீட்டின் அளவு மாறும். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இடஒதுக்கீட்டால் நிரந்தர வேலை பெற்ற நம் குடும்பங்கள் அந்த வட்டங்களில்தான் முதல்முறையாகக் குழாய்த் தண்ணீரும், மின்விசிறியும், சாதி கேட்காத வாசலும் கண்டன. அங்கே படித்த பிள்ளைகள் சிலர் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள். அதே நகரியத்துக்கு ஜல்லி சுமந்த சித்தாளும், பின்னாளில் வந்த ஒப்பந்தத் தொழிலாளியும் வளைவுக்கு வெளியே, மந்தாரக்குப்பத்திலும் சுற்றுக் காலனிகளிலும் குடியிருந்தார்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். பெயர் ஏன் இல்லை? காரணம் மறதி அல்ல, சட்டம்.

1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவரோடு மட்டுமே பேசியது. பட்டா உள்ளவர் இழப்பீடு பெற்றார். அந்த நிலத்தில் மூன்று தலைமுறையாக உழைத்தவர் சட்டத்தின் கண்ணில் எதையும் இழக்காதவர். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஓரளவு திருத்தியது. கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலியும் குத்தகைதாரரும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்றது. அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது. ஆனால் தமிழ்நாடு அரசு, தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் தன் 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த விலக்கை ஏற்கவில்லை. அதே ஆண்டு அரசு புதிய சட்டம் இயற்றியது. 2021இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. இழப்பீட்டு அட்டவணைகள் பொருந்தலாம். ஆனால் நிலமற்றவரை வீடுவீடாகப் போய் எண்ணும் கட்டம் நழுவிவிடுகிறது. எண்ணப்படாதவருக்கு எந்த அட்டவணையாலும் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில், காலியான ஊர்களின் நிலமற்ற குடும்பங்களின் பட்டியல் கேட்டேன். "நிலமே இல்லாதவங்களுக்கு எதுக்குங்க பட்டியல்?" என்றார் எழுத்தர். அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. போன ஊரை நினைத்து ஒப்பாரி வைப்பது நம் வேலையல்ல. கிராமத்தைப் பற்றி 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன், 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தபோது, மின்சாரத்துக்கும் நீர்ப்பாசனத்துக்கும் தேசியக் கொள்கை வகுத்தவரும் அவர்தான். பண்ணையின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறும் வழியாகத் தொழில்மயத்தை அவர் பார்த்தார். ஆண்டையின் குரலுக்கு எழுந்த நம் ஆட்கள் ஆலைச் சங்குக்கு எழுந்தது விடுதலையின் ஒரு படிதான். சுரங்கம் வந்தது நம் வழக்கல்ல. வந்த சுரங்கத்தில் நிலம் கொடுத்தவரின் கணக்கு எழுதப்பட்டு, உழைப்பைக் கொடுத்தவரின் கணக்கு எழுதப்படாமல் போனதுதான் நம் வழக்கு.

எழுதாத கணக்கை நாம்தான் எழுத வேண்டும். மாணவர்களிடம் மூன்று வேலைகள் கேட்கிறேன்.

ஒன்று: இப்போது நிலம் எடுக்க அறிவிக்கப்பட்டிருக்கும் ஊர்களின் கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் நகல் எடுங்கள். பக்கத்திலேயே அந்தப் பதிவேட்டில் பெயரில்லாத குடும்பங்களின் பட்டியலை வீடுவீடாகப் போய் எழுதுங்கள். யாருடைய நிலத்தில், எத்தனை ஆண்டு, என்ன கூலி என்று எழுதுங்கள். நாளை மூன்று ஆண்டுக்கு ஆதாரம் கேட்டால் அதுதான் கையில் இருக்கும்.

இரண்டு: இடம்பெயர்ந்த பெரியவர்களிடம் உட்காருங்கள். தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், சுடுகாடு எங்கே இருந்தது என்று கேளுங்கள். ஊருக்கும் சேரிக்கும் தனித்தனியாக இருந்த இந்த இரண்டு இடங்களைக் குறித்தாலே அழிந்த ஊரின் வரைபடம் திரும்ப வந்துவிடும்.

மூன்று: ஒப்பந்தத் தொழிலாளர் வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் கூலிச் சீட்டு, கேட் பாஸ், அடையாள அட்டை எதையும் குப்பைக்குப் போகவிடாதீர்கள். நம்முடைய கல்வெட்டு அவைதான்.

தோழரின் கேள்விக்கு இன்றும் என்னால் ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. அந்தக் கூலியாளின் பெயர் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். ஆனால் வளையமாதேவியில் நாற்று நட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, கேட்டால் சொல்வார்கள். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து இன்னொரு தோழர் கடைசி வரிசையிலிருந்து கேட்கும்போது, அன்று பேசுகிறவர் மழுப்பக் கூடாது.

ஜெய்பீம்.