தவணையும் நேர்த்திக்கடனும்

(கோவை ஆர்.எஸ்.புரத்தில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வீட்டுக் கடன் விஷயம். பகுத்தறிவுக் கூட்டத்தில் பாங்கிக் கடனுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கடவுள் உண்டா இல்லையா என்று விடிய விடிய வாதாடுவதைக் காட்டிலும், கடவுளை நம்பிக் கொண்டிருந்து வீட்டைப் பறிகொடுக்கப் போகிறவனைக் கையைப் பிடித்து நிறுத்துவது அவசர வேலை. அதற்காகவே இதைப் பேசுகிறோம்.

இந்த ஊர்ப் பகுதி இரத்தினசபாபதி முதலியார் பேரால் ஏற்பட்டது. இங்கு இன்று வீடு வாங்கச் சாதாரண மனிதனால் ஆகாது. ஆகவே அவன் வடவள்ளிக்கும் துடியலூருக்கும் சரவணம்பட்டிக்கும் போகிறான். சேர்த்த பணத்தைப் போட்டு, வீட்டுப் பெண்களின் கழுத்து நகையையும் போட்டு, மீதிக்குப் பத்திரத்தைப் பாங்கியில் அடமானம் வைத்து 20 வருஷக் கடன் வாங்குகிறான். நாலு வருஷம் ஒழுங்காகத் தவணை கட்டுகிறான். பிறகு பட்டறையில் வேலை குறைகிறது. அல்லது திருப்பூரில் ஆர்டர் நிற்கிறது. தவணை தவறுகிறது. உடனே அவன் எங்கே போகிறான்? பாங்கிக்கா? இல்லை. ஜோசியனிடம் போகிறான்! "ஏனுங்க, எப்பத்தானுங்க இந்தக் கடன் தீரும்?" என்று கேட்கிறான். சனி சரியில்லை, பரிகாரம் செய் என்று பதில் வருகிறது.

தோழர்களே! 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் பனியனுக்கு வந்த சங்கடம் அந்த வரியால் வந்தது. சனி எந்த வீட்டில் இருந்தாலும் அந்த வரி வந்திருக்கும். வந்த காரணம் ஒன்று, செய்கிற பரிகாரம் வேறொன்று என்றால், நோய் எப்படித் தீரும்?

கடன் விஷயத்தில் கடவுள்களின் யோக்கியதைதான் என்ன என்று அவர்கள் புராணத்தைக் கொண்டே பார்ப்போம். கடன் தீரத் திருப்பதிக்கு முடிந்து வைக்கிறீர்கள். அந்த ஏழுமலையானே தன் கலியாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கி, கலியுகம் முடிகிறவரை வட்டி கட்டிக் கொண்டிருக்கிறார் என்றுதானே தலபுராணம் சொல்லுகிறது? அதற்காகத்தானே உண்டியல் என்கிறார்கள்? ஒரு கலியாணக் கடனை ஒரு யுகம் முழுவதும் தீர்க்க முடியாதவர், உங்கள் கடனை எந்தக் கையால் தீர்ப்பார்? இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பேரூர் இருக்கிறது. பொன் கேட்டுச் சுந்தரர் வருகிறார் என்று தெரிந்ததும், கொடுக்க ஒன்றுமில்லாமல் பட்டீசுவரர் வயலில் இறங்கி நாற்று நடுகிற ஆள்போல் ஒளிந்து கொண்டார் என்பது அவ்வூர்க் கதை. கடன்காரனைக் கண்டு ஒளிகிற வேலையை நாமே செய்து கொள்ளலாமே, அதற்கு ஒரு சாமி எதற்கு? ஆனால் அந்தக் கதையிலும் ஒரு நியாயம் இருக்கிறது: பணமில்லாத காலத்தில் கடவுளும் வேலைக்குத்தான் போயிருக்கிறார்!

ஜெபக் கூட்டத்துக்குப் போகிற தோழர்களுக்கும் இதையேதான் சொல்லுகிறோம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை கொடுத்தால் ஆண்டவர் வானத்தின் கதவைத் திறப்பார் என்கிறார்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கு தவணைக்கு உதவுகிற பணம்.

பாங்கிக்காரனைப் பாருங்கள். அவன் ஆபீசிலும் சாமி படம் உண்டு, சரஸ்வதி பூஜைக்குப் பொரி கடலையும் உண்டு. ஆனால் கடன் கொடுக்கும்போது, "நீ பக்திமான், கையெழுத்து வேண்டாம்" என்கிறானா? மூலப் பத்திரம் கேட்கிறான், வில்லங்கம் பார்க்கிறான், சம்பளச் சீட்டு கேட்கிறான், ஜாமீன் கேட்கிறான். கொடுக்கிறவன் புத்தியை நம்புகிறான். வாங்குகிறவன் மாத்திரம் கடவுளை நம்புவது என்றால், இது எந்த ஊர் நியாயம்?

இனி கணக்குக்கு வருவோம். 30 லட்ச ரூபாய், 20 வருஷம், வட்டி 7 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். ரிசர்வ் பாங்கி தன் வட்டியை 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. மாறும் வட்டிக்கு வாங்கினவர்களுக்கெல்லாம் வட்டி ஏறிற்று. 7 என்பது 9 ஆனால் அதே கடனுக்குத் தவணை சுமார் 26,990 ஆக வேண்டும். தவணையை ஏற்றாமல் பழையபடியே 23,260 கட்டினால் 20 வருஷக் கடன் 38 வருஷக் கடனாகிவிடும். ஏனெனில் முதல் மாத வட்டியே 22,500; அசலில் கழிவது 760 ரூபாய்தான். "எவ்வளவு கட்டியும் குறையமாட்டேன் என்கிறதே, இது பூர்வ ஜென்ம பாவம்" என்கிறார்களே, அந்தப் பாவம் இந்தக் கூட்டல் கழித்தலில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத நாமே இதைப் போட்டுப் பார்க்க முடியும் என்றால், உங்கள் வீட்டில் படிக்கிற பிள்ளை போட்டுத் தராதா?

ஹோமத்துக்கும் பரிகாரத்துக்கும் செலவழிக்கிற 10,000 ரூபாயை, இந்த 9 சதவீதக் கடனில் ஆரம்பத்திலேயே அசலில் கட்டினால், கடைசியில் இரண்டு தவணைக்கு மேல், அதாவது 54,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். எந்தச் சாமி இந்த வரம் கொடுக்கிறது? மைத்ர முகூர்த்தம் என்று ஒரு நேரம் குறித்து, அந்த நேரத்தில் கடனில் கொஞ்சம் அடைத்தால் கடன் சீக்கிரம் தீரும் என்று பத்திரிகைகளிலும் எழுதுகிறார்கள். கொஞ்சம் அடைத்தால் கடன் குறையும் என்பது மெய். அது இராகு காலத்தில் அடைத்தாலும் குறையும்!

இப்பொழுது முக்கியமான சங்கதி. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருச்சேறை என்று ஊர். அங்கே ருண விமோசனர் சன்னதியில் 11 திங்கட்கிழமை அர்ச்சனை செய்தால் கடன் தீரும் என்கிறார்கள். முதல் திங்களுக்கும் பதினோராவது திங்களுக்கும் நடுவே 70 நாள். சட்டம் என்ன சொல்லுகிறது? 90 நாளுக்கு மேல் தவணை பாக்கி நின்றால் அது வாராக் கடன். பிறகு 2002ஆம் வருஷத்துச் சர்பாசி சட்டப்படி பாங்கி நோட்டீசு கொடுக்கும். அதற்குக் கெடு 60 நாள். நோட்டீசு வந்த அன்று அர்ச்சனை தொடங்கினவனுக்கு, பதினோராவது அர்ச்சனை முடியும் முன்பே கெடு முடிந்து போகும். அவன் பிரசாதத்தோடு திரும்பி வருகையில் கதவில் சுவாதீன அறிவிப்பு ஒட்டியிருக்கலாம். நம்பிக்கையால் வருகிற பெரிய நஷ்டம் தேங்காய் பழச் செலவல்ல தோழர்களே, நாள் நஷ்டம்!

அந்த 60 நாளில் செய்ய வேண்டியது உண்டு. ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்தால் பாங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அது இந்தக் கோவையிலேயே இருக்கிறது. விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் செல்லாது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தெரிந்தெடுக்கக் கடனாளிக்கு வழிவிட வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2023 ஆகஸ்டு 18இல் உத்தரவு போட்டிருக்கிறது. இவை எந்த வேதத்திலும் இல்லை. மனிதர் கேட்டு, மனிதர் எழுதினவை.

கடன் தீர்ந்த சரித்திரமும் அப்படித்தான். 1938இல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களுக்கு 1937 அக்டோபர் முதல் தேதி வரை நின்ற வட்டி தள்ளுபடியாயிற்று. அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டியவனுக்குக் கடனே தீர்ந்தது. கொண்டுவந்தது ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை. அவரோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம், ஆனால் உண்மையை மறைப்பது நம் வேலையல்ல. 2020இல் கொரோனா வந்தபோது கோயில், மாதாகோயில், மசூதி எல்லாம் கதவடைத்தன. மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை தவணைக்கு அவகாசம் கொடுக்க வழி செய்தது ரிசர்வ் பாங்கி. அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச்சு 23இல் தீர்ப்புச் சொன்னது சுப்ரீம் கோர்ட்டு. வழக்குப் போட்டவர்கள் மனிதர்கள். சும்மா இருந்தவர்கள் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

"கும்பிட்டால் மனசுக்கு ஆறுதல்" என்று நம் தாய்மார்கள் சொல்லுவார்கள். கஷ்டத்தில் இருக்கிறவரை நாம் பரிகாசம் செய்யவில்லை. தூக்கம் வராத இராத்திரி எப்படி இருக்கும் என்பது நமக்கும் தெரியும். ஆனால் ஆறுதல் என்பது நோட்டீசைப் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைப்பதாக இருந்தால், அது ஆறுதல் அல்ல, மயக்க மருந்து. கடன்பட்டது வெட்கம் என்று பெண்டாட்டி பிள்ளைகளுக்குக்கூட மறைக்கிறார்கள். அது பாவமும் அல்ல, விதியும் அல்ல. கணக்குச் சங்கதியை ஒளித்து வைத்தால்தான் அது உயிரைக் குடிக்கிற சங்கதியாகிறது.

ஆகவே தோழர்களே! தவணை தவறப் போகிறது என்று தெரிந்த அன்றே வீட்டாரிடம் சொல்லுங்கள். மறுநாளே பாங்கிக்குப் போய் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கேட்டதெல்லாம் கொடுப்பான் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதற்கு ருசு இருக்கும், பிறகு வக்கீலுக்கும் அதுதான் வேண்டும். கட்டவே முடியாதென்றால், ஏலத்துக்கு விடுமுன் நல்ல விலைக்கு நீங்களே விற்றுக் கடனை அடைத்து மீதியைக் கையில் வாங்குங்கள். வீடு போனாலும் மனிதன் மிஞ்சுவான்; மனிதன் மிஞ்சினால் இன்னொரு வீடு கட்டலாம்.

கும்பிட்டே தீருவேன் என்கிறவரோடு இன்று நமக்குச் சண்டையில்லை. நோட்டீசைப் படித்து, பதில் எழுதி, பாங்கியில் கொடுத்துவிட்டு வந்து கும்பிடட்டும். அப்புறம் கும்பிடுவதற்கு நேரம் இருக்கிறதா, அவசியம்தான் இருக்கிறதா என்பதை அவரவர் புத்திக்கே விட்டு, இவ்வளவோடு முடித்துக்கொள்கிறோம்.