பிள்ளையைத் தேடிப் போன தாய்

ஆயிரத்து எண்பத்து நான்கு என்பது கொல்கத்தாவின் பிணவறை ஒன்றில் இருபது வயதுப் பிள்ளையின் உடலுக்கு இட்ட எண். அந்தப் பிள்ளைக்கு விரதி என்று பெயர் வைத்தவள் அவனுடைய தாய் சுஜாதா. நோன்பு ஏற்றவன் என்பது அந்தப் பெயரின் பொருள். வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் ‘1084இன் அம்மா’ 1974இல் நூலாக வந்தது. பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே நின்று தவிக்கும் ஒரு தாயின் கதை அது.

கதையின் பின்புலம் நக்சல்பாரி. டார்ஜிலிங் மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் 1967 மே மாதம் கிளர்ந்தெழுந்த உழவர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பதினொரு பேர் இறந்தார்கள். அங்கே பற்றிய தீ கொல்கத்தாவின் கல்லூரிகளுக்குப் பரவியது. படிப்பை விட்டுவிட்டுப் போன இளைஞர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. நாவல் அந்த இயக்கத்தின் வரலாற்றைச் சொல்ல முற்படவில்லை. பிள்ளை திரும்பி வராத ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன் வலிமையே அதுதான்.

முழுக்கதையும் ஒரே நாளில் நடக்கிறது: காலை, மதியம், மாலை, இரவு. அந்த இயக்கத்தில் சேர்ந்த விரதி இறந்து அன்றோடு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவன் பிறந்த நாளும் அதுவே. அதே நாளில்தான் மகள் துலியின் நிச்சயதார்த்த விருந்தையும் வைத்திருக்கிறார்கள். சுஜாதாவுக்கு வயிற்றில் குடல்வால் வலி. மாத்திரை போட்டு அதை அடக்கிக்கொண்டு வேலை பார்க்கிறாள்.

பிணவறைக்கு வரச் சொல்லித் தொலைபேசி வந்த நாளை அவள் மறக்கவில்லை. கணவர் திவ்யநாத் தம் காரை அங்கே அனுப்ப மறுத்துவிட்டார். யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்ற பயம். மகன் பெயர் செய்தித்தாளில் வராதபடி பார்த்துக்கொள்ள ஆள் பிடிக்க ஓடினார். பெயர் வரவில்லை. தகப்பன் பிள்ளையை இரண்டாம் முறை கொன்றது அங்கேதான். தாயோ குனிந்து, சிதைந்துபோன அந்த முகத்தை விரலால் தடவினாள்.

சுஜாதா அதுவரை வாய் திறக்காத மனைவி. மாமியார் சொல்லுக்கும் கணவர் விருப்பத்துக்கும் அடங்கி நான்கு பிள்ளைகளைப் பெற்றவள். இரண்டே முறை எதிர்த்து நின்றாள்: ஐந்தாவது பிள்ளை பெற மாட்டேன் என்றாள், வங்கி வேலையை விட மாட்டேன் என்றாள். அந்த வீட்டில் அவளைப் புரிந்துகொண்டவன் கடைக்குட்டி விரதி ஒருவன்தான். ஆனால் அவன் எதை நம்பினான், யாரோடு திரிந்தான் என்பது அவளுக்குத் தெரியாது. பெற்ற பிள்ளையைத் தெரியாமல் இருந்துவிட்டோமே என்ற குற்ற உணர்வுதான் அவளை வீட்டை விட்டு வெளியே நடக்க வைக்கிறது.

மதியம் அவள் போவது விரதியோடு செத்த சோமுவின் வீட்டுக்கு. இற்றுப்போன குடிசை. வருமானம் நின்றுபோன குடும்பம். சோமுவின் தாய் வாய்விட்டுக் கதறுகிறாள், மார்பில் அடித்துக்கொள்கிறாள். சுஜாதாவுக்குக் கண்ணீர் வரவில்லை. அவள் வாழும் மாளிகையில் அழுவதற்கு இடமில்லை. இங்கே, இந்த மண் தரையில், விரதி பேசிச் சிரித்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம் மூச்சு வருகிறது. இரண்டு தாய்களின் துக்கமும் ஒன்றுதான் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. மகாசுவேதா அப்படி எழுதவில்லை. துக்கம் ஒன்றாக இருந்தாலும், பணக்காரத் தாய் அடிக்கடி வந்துபோவது ஏழை வீட்டுக்குச் சங்கடம் என்பதையும் மறைக்காமல் காட்டுகிறார்.

மாலையில் விரதி நேசித்த நந்தினியைச் சந்திக்கிறாள். சிறையில் பட்ட சித்திரவதையில் அந்தப் பெண்ணின் பார்வை கெட்டிருக்கிறது. விரதியையும் தோழர்களையும் காட்டிக்கொடுத்தது கூட இருந்த ஒருவனே என்று அவள் வாயால்தான் தெரிகிறது. தன் மகன் யார் என்பதைச் சுஜாதா அன்றுதான் முழுதாக அறிகிறாள்.

இரவில் விருந்து. பட்டுப் புடவைகள், மதுக் கோப்பைகள், சிரிப்பு. விரதியின் வழக்கைக் கையாண்ட காவல் அதிகாரி சரோஜ் பாலும் வந்து நிற்கிறான். இரண்டு ஆண்டுகளாக அடக்கி வைத்த குரல் அப்போது அலறலாக வெடிக்கிறது. சுஜாதா சரிந்து விழுகிறாள். குடல்வால் வெடித்துவிட்டது என்று மட்டுமே திவ்யநாத்துக்குத் தோன்றுகிறது.