பன்னிரண்டு முடிச்சுக் கயிறு

வானம் தோண்டும் முன் கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி. இரண்டு முனைக்கும் குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரியான செங்கோணம். பிள்ளைகள் பித்தாகரஸ் தேற்றம் என்று மனப்பாடம் செய்வது இதைத்தான்!

மனப்பாடம் வேண்டாம். ஒரு கயிறு போதும். சம இடைவெளியில் 12 முடிச்சு இருக்கும்படி வளையமாகக் கட்டுங்கள். மூன்று பிள்ளைகள் ஆளுக்கொரு முடிச்சைப் பிடிக்கட்டும். ஒரு பக்கம் 3 இடைவெளி, அடுத்த பக்கம் 4, மீதி 5. விறைப்பாக இழுக்கச் சொல்லுங்கள். மூன்றும் நான்கும் சேரும் மூலையில் நோட்டுப் புத்தகத்தை வைத்துப் பாருங்கள். அச்சாகப் பொருந்தும்.

இடைவெளி சமமாக இல்லாவிட்டால் மூலை கோணிவிடும். கோணட்டுமே! ஏன் என்று பிள்ளைகளே தேடுவார்கள்.

பிறகு போட்டி. இரண்டு அணி. கபடிக் களத்தில் கோணலான மூலையை இதே கயிற்றால் முதலில் கண்டுபிடிக்கும் அணிக்கு வெற்றி. நைலான் கயிறு நீளும். சணல் கயிறு நல்லது.

கணக்கு ஆசிரியர்களே, இந்த வாரம் ஒரு பாடவேளையை மைதானத்தில் நடத்திப் பாருங்களேன்.