வயதுச் சான்றிதழும் பேய்ப்படமும்



பேய்ப்படம் ஒன்று சிறுவரும் காணலாம் என்ற சான்றிதழுடன் வருமாயின், "இதில் என்ன அச்சம் இருக்கப்போகின்றது?" என்று இளைஞர் உதட்டைப் பிதுக்குவர். வயது வந்தோர்க்கு மட்டும் என்று விளம்பரத்திற் கண்டாலோ, அதனையே தரத்தின் முத்திரையாகக் கொண்டு படமாளிகைக்கு ஓடுவர். சான்றிதழுக்கும் தரத்துக்கும் உண்மையில் உறவு உண்டா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பிரித்தானியாவிலே 1930களில் பேய்ப்படங்களுக்கென்றே 'எச்' என்னும் தனிச் சான்றிதழ் இருந்தது. 1951இல் அதன் இடத்தில், பதினாறு வயதுக்குட்பட்டோரை விலக்கும் 'எக்ஸ்' சான்றிதழ் வந்தது. சிறுவரைக் காக்க இட்ட வேலி அது. ஹமர் என்னும் படநிறுவனமோ அவ்வேலியையே விளம்பரப் பலகையாக்கிற்று. 1955இல் அது வெளியிட்ட 'குவாற்றர்மாஸ்' படத்தின் தலைப்பில் 'எக்ஸ்பெரிமென்ற்' என்ற சொல்லின் முதலெழுத்தை வெட்டிவிட்டு, எக்ஸ் எழுத்தே முன்னிற்குமாறு அச்சிட்டனர். படம் நல்ல படந்தான். ஆனால் அதனை நல்லதாக்கியது அந்த எழுத்தன்று.

றொபேட் வைஸ் 1963இல் இயக்கிய 'த ஹோண்டிங்' என்னும் படத்தைப் பாருங்கள். அதில் பேய் ஒருமுறையேனும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுவருக்கப்பால் இடியோசை; மூடிய மரக்கதவு உள்நோக்கிப் புடைக்கின்றது; அவ்வளவே. பிரித்தானியா அதற்கு 'எக்ஸ்' வழங்கிற்று. அமெரிக்காவிலோ, 1968இல் தோன்றிய தரப்பிரிவு முறையின் கீழ், எல்லோரும் காணத்தக்கதென்ற 'ஜி' கிடைத்தது. ஒரே படம், இரு கடைக்கோடிகள்! இவற்றுள் எதனைக் கொண்டு அதன் தரத்தை அளப்பது?

எனினும் சான்றிதழ் படைப்பைத் தொடுவதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2012இல் 'த வுமன் இன் பிளாக்' என்னும் படத்தை வெளியிட்டோர், பன்னிரண்டு வயதினர்க்கான சான்றிதழை விரும்பினர். அதன் பொருட்டுச் சில விநாடிக் காட்சிகள் வெட்டப்பட்டன. சில காட்சிகள் இருளாக்கப்பட்டன. சிலவிடங்களில் ஒலி தணிக்கப்பட்டது. அச்சம் எங்கே குடியிருக்கின்றது என்பதைத் தணிக்கையாளர் நன்கறிந்திருந்தனர் போலும்! ஆயினும் அவ்வாண்டில் பிரித்தானியத் தணிக்கைச் சபைக்கு மிகுதியான முறைப்பாடுகள் வந்தது இப்படத்தைப் பற்றியே. ஹரி பொட்டராக நடித்துச் சிறுவர் உள்ளங்கவர்ந்த டானியல் றட்கிளிவ் கதாநாயகன் அல்லவா? பெற்றோர் பிள்ளைகளை நம்பி அழைத்துச் சென்றனர். வெட்டியும் தணித்தும் அச்சம் போகவில்லை.

எனவே, தாழ்ந்த வயதெல்லை நல்ல இயக்குநனின் கையைக் கட்டுவதில்லை என்பதே என் முடிபு. கேடு பிறிதோரிடத்தில் உள்ளது. அமெரிக்காவில் 1984இல் பதின்மூன்று வயது என்ற இடைப்படி ஏற்பட்டது. படமாளிகைகளை நிரப்புவோருள் பெரும்பகுதியினர் இளைஞராதலின், கதையெழுதுமுன்னரே அப்படியை இலக்காக வைக்கும் வழக்கம் வளர்ந்தது. விளைவு யாது? அடி விழும், குருதி வாராது; ஆள் மாள்வான், நோவு தெரியாது. உடனே காட்சி மாறிவிடும். மாணாக்கரோடு முப்பது ஆண்டுகள் பழகியவன் என்ற முறையிற் சொல்கின்றேன்: துன்பத்தைக் காட்டும் வன்செயலினும் துன்பமே இல்லாததுபோற் காட்டும் வன்செயல் பிள்ளைக்குப் பொல்லாதது. சான்றிதழோ பின்னதற்கே எளிதிற் கிடைக்கின்றது.

"இப்படத்துக்குப் பிள்ளையை விடலாமா?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. எண்ணைப் பார்க்க வேண்டாம், அதனருகே அச்சிட்ட காரணத்தைப் படியுங்கள் என்பேன். 2013இல் வந்த 'த கொன்ஜறிங்' படத்துக்குப் பதினேழு வயதுக்குட்பட்டோர் துணையின்றிச் செல்லலாகாதென அமெரிக்காவில் விதித்தபோது, கலங்கவைக்கும் வன்செயலும் பேரச்சமுமே காரணமாகக் குறிக்கப்பட்டன. இருட்டில் நித்திரைகொள்ள அஞ்சும் பிள்ளை உங்கள் வீட்டிலிருப்பின், அந்த ஒரு வரி போதும்.